கயிற்றுக்காரனை யாரும் அடிப்பதில்லை

"உனக்குன்னு ஒரு ஆளே கெடையாது. எதிர்ல நிக்கறவாளைப் பாத்துண்டு ஆளை மாத்திண்டே இருக்கே. நீ எங்கேருந்து ஜெயிக்கப் போறே?"

மந்தைவெளியில் நான் வேலை பார்த்த எஸ்.டி.டி. பூத்தின் பின்னறையில், வீடியோ கேம் மெஷினின் வலப்பக்கக் குச்சியைப் பிடித்தபடி அவன் இதைச் சொன்னான். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வீடு, இன்ஜினியரிங் படிப்பு, நெற்றியில் லேசான விபூதி. அந்த மெஷினில், உயிரோடு இருப்பவர்களில் யாரும் அவனை ஜெயித்ததில்லை.

அடுத்த டோக்கனைப் போட்டு வேறொரு ஆளை எடுத்தேன். மறுபடி தோற்றேன்.

கடையின் முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், முதலாளி அக்கா. பின்பக்கம் ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் அந்த மெஷின். காலையில் நான் காலேஜுக்குப் போவேன். மத்தியானத்திலிருந்து பூத்தில் உட்கார்ந்து, வெளியூருக்குப் பேச வருகிறவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுப்பேன். சாந்தோமுக்குப் பின்னால் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. அந்த வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது.

மெஷினில் எட்டுக் கட்டங்கள், எட்டு ஆட்கள். டோக்கன் போட்டதும் எட்டு முகங்களும் திரையில் வரும், குச்சியால் நகர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்கு வரும் பையன்கள் ஒவ்வொருவருக்கும் 'என் ஆளு' என்று ஒருவன் இருந்தான். அந்த ஆள் எவ்வளவு மட்டமானவனாக இருந்தாலும் அவர்கள் மாற்ற மாட்டார்கள். ஆளை மாற்றுவது அவர்களுக்குக் கட்சி மாறுவது மாதிரி. நான் மட்டும் எதிராளியைப் பார்த்து எடுப்பேன். குண்டனுக்கு எதிராகத் தாவுகிறவள், தாவுகிறவளுக்கு எதிராக நெட்டையன். மெஷினில் திரைக்குக் கீழே கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தில் யார் என்ன அடி அடிப்பார்கள் என்று முழுவதும் அச்சிட்டிருந்தது. அதை அலங்காரம் என்று நினைத்து யாரும் படிக்கவில்லை. நான் வரி வரியாகப் படித்தேன்.

"எக்கா, இது போங்காட்டம்க்கா" என்பார்கள் தோற்றுப்போன பையன்கள்.

"எந்த ரூல்ல கீது?" என்று கேட்பேன். "ஜெயிக்கத்தானே ஆடுறோம்?"

அந்த வருஷம் தி.நகரில், பனகல் பார்க் பக்கமிருந்த பெரிய வீடியோ கேம் கடையில் போட்டி ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு சின்னக் கடையிலிருந்தும் ஒருவர் வரலாம். எங்கள் கடையிலிருந்து யார் போவது என்பதற்கு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். அன்று சாயங்காலம் மெஷினில் கடைசியாக ஜெயித்து நிற்கிறவர் போகலாம். "யாரு போனாலும் எனக்குச் சரி, குச்சிய ஒடைக்காம ஆடுங்க" என்றார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். பரிசுக்காக அல்ல. என்ன பரிசு என்றுகூட நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாத பெரிய கடையில், எந்தக் குப்பம், யார் பெண் என்று தெரியாத ஆட்களுக்கு நடுவில் நின்று நான் ஜெயிக்க வேண்டும். அதற்கு முதலில் அந்த மயிலாப்பூர்க் குளத்தங்கரைக்காரனை ஜெயித்தாக வேண்டும்.

அவனுடைய ஆள் தூரத்திலிருந்து நெருப்பு வீசுகிறவன். கிட்டே போகவே விட மாட்டான். காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாக யோசித்துப் பார்த்தேன். நெருப்பு வந்து சேரும் முன்னால் எட்டிப் பிடிக்கக்கூடியவன் ஒருவன்தான். எட்டாவது கட்டத்தில் இருந்தான். வெறுங்கால், கிழிந்த பச்சைச் சட்டை, மார்பில் சுற்றிய கயிறு. ஒரு நீண்ட குரல் கொடுத்துக் கயிற்றை வீசி எதிராளியை இழுத்துப் போடுவான். கடையில் அவனுக்குக் கயிற்றுக்காரன் என்று பெயர்.

அவனை யாரும் எடுப்பதில்லை.

எங்கள் குப்பத்து அண்ணன் ஒருவர் முன்பு அவனை ஆடினார். விடியற்காலை கடலுக்குப் போய்விட்டு, வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு, மத்தியானம் இங்கே வந்து இடப்பக்கக் குச்சியைப் பிடிப்பார். வேறு ஆளை எடுத்து நான் பார்த்ததில்லை. நெருப்புக்காரனை ஜெயித்த ஒரே ஆள் அவர். ஓர் ஆடி மாதக் காற்றில் அவர் போன படகு திரும்பியது, அவர் திரும்பவில்லை. கடல் உடம்பையும் தரவில்லை.

அதன் பிறகு பையன்கள் யாரும் சொல்லிக்கொள்ளாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. எட்டாவது கட்டத்தைத் தாண்டும்போது குச்சியைச் சுற்றிக் கொண்டுபோவார்கள், அதன்மேல் நிற்க மாட்டார்கள். தனியாக ஆடுகிறவனுக்கு எதிராக மெஷினே கயிற்றுக்காரனை அனுப்பிவிட்டால், கையை எடுத்துவிடுவார்கள். தங்கள் ஆள் அடிவாங்கிச் சாகும்வரை சும்மா நிற்பார்கள். போட்ட டோக்கன் போய்விடும். யாரும் முணுமுணுத்ததில்லை. நானும் ஒருமுறை அப்படிக் கையை எடுத்திருக்கிறேன். கயிற்றுக்காரன் என் ஆளை இழுத்து இழுத்துப் போட்டான். அறையில் அந்தக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் எனக்கு வேறொன்றும் புரிந்தது. இந்த மரியாதையால் லாபம் ஒருவனுக்கு மட்டும்தான், நெருப்புக்காரனுக்கு.

மழை பெய்த ஒரு மத்தியானம், பின்னறையில் யாரும் இல்லை. இடப்பக்கம் நின்று எட்டாவது கட்டத்துக்குப் போனேன். பொத்தானை அழுத்தினேன்.

கயிறு வீச, குச்சியைப் பின்னாலிருந்து கீழ்வழியாக முன்னால் அரைவட்டம் சுற்ற வேண்டும் என்று காகிதம் சொன்னது. வலப்பக்கக் குச்சியில் வேறு ஆட்களை வைத்து இதே சுற்றைப் பழகும்போது எனக்குப் பத்தில் ஒன்றுதான் வரும். இங்கே நான் குச்சியைப் பின்னால் சாய்த்ததும் அது தானாக வழுக்கிக்கொண்டு போனது. என் கை அதற்குப் பின்னால் போனது. கயிறு பறந்தது, குரல் எழுந்தது.

குச்சியை விடாமல் குனிந்து பார்த்தேன். அது நுழைகிற பிளாஸ்டிக் ஓட்டையின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரே வீச்சைப் பல மத்தியானங்கள் வீசிய கை தேய்த்த தேய்வு. முதல் பொத்தானில் விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். என் விரலை அதில் வைத்தேன். பள்ளம் என் விரலைவிடப் பெரிதாக இருந்தது.

கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி வைத்தேன். நான் ஜெயிக்க வேண்டும்.

மறுநாள் எல்லோரும் இருக்கும்போது எட்டாவது கட்டத்தில் போய் நின்றேன்.

"எக்கா, வேணாங்க்கா. அது அண்ணன் ஆளு."

"மெஷினு ஆளு" என்றேன்.

குளத்தங்கரைக்காரன் என்னையே பார்த்தான். "நிஜமாவா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதல் சுற்றில் நெருப்பு வந்தது. நான் குனிந்து கயிறு வீசினேன். அந்தக் குரல் எழுந்ததும் அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் போனது. மிகவும் சுலபமாக. இரண்டாவது சுற்று ஆரம்பித்த சுருக்கில் முடிந்துவிட்டது. அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் சாந்தோம் வரை நான் பஸ் ஏறாமல் நடந்தேன். நடை நடையாகவே இல்லை.

மூன்றோ நான்கோ நாள் கழித்து, கயிறு வீசிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மீன் வாசனை வந்தது. திரைச்சீலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, இடுப்பில் அலுமினியக் கூடையோடு அண்ணனின் அம்மா நின்றிருந்தார். எனக்கு முறைக்குப் பெரியம்மா. மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். முன்பெல்லாம் கடை வாசலிலேயே நின்று, உள்ளே அந்தக் குரல் கேட்டால், "டேய், போதும் வாடா" என்று கத்துவார். குரல் கேட்காவிட்டால் மகன் இங்கே இல்லை என்று போய்விடுவார்.

"யாரும்மே ஆடுறது?" என்றார்.

"நான்தான் பெரிம்மா."

"தெருவுல போய்க்கினு இருந்தேன். அவன் சத்தம் கேட்டுச்சு."

பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் அழவில்லை. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்து, "ஆடு" என்றார்.

அதிலிருந்து அவர் தினமும் வந்தார். திரையைப் பார்க்க மாட்டார், அதன் வேகம் அவருக்குப் பிடிபடாது. என் கையைத்தான் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும், "அட்ச்சிட்டானா?" என்பார். அட்ச்சிட்டியா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அட்ச்சாச்சு பெரிம்மா."

"கை அப்புடியே அவன் கை மாறியே போவுது" என்றார் ஒருநாள். என் மணிக்கட்டிலிருந்து தோள்வரை சில்லென்று ஏறியது. என் கை அப்படிப் போகவில்லை, அது கொண்டுபோகப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜெயிக்கிறவள் நான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். படித்தவள் நான், கணக்குப் போட்டு இந்த ஆளை எடுத்தவள் நான்.

அந்த நாட்களில் எந்தப் பையனும் என்னை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வரும் நடுவில் திரை ஒரு கணம் கறுப்பாகும். அப்போது அது கண்ணாடி. வழக்கமாக நான் பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன். என் முகம், என் தோளுக்குப் பின்னால் பெரியம்மா, வலப்பக்கத்தில் என்னோடு ஆடிக்கொண்டிருந்த பையன். அவன் கைகள் குச்சியில் இல்லை. மாதா கோயிலில் நிற்பதுபோல் வயிற்றின்மேல் கோத்து வைத்திருந்தான்.

சுற்று ஆரம்பித்தது. நான் திரும்பி அவன் கையைப் பார்த்தேன். அப்படியே இருந்தது. கயிற்றுக்காரன் எதிரே அவன் ஆள் சும்மா நின்றிருந்தான்.

பெரியம்மா போன பிறகு கேட்டேன். "எத்தினி நாளா இப்புடி?"

அவன் மற்றவர்களைப் பார்த்தான். "மொத நாள்லேந்துதாங்க்கா."

"எல்லாருமா?"

"கயித்துக்காரனை எப்புடிக்கா அடிக்கிறது?" என்றான், நான் ஏதோ தெரியாததைக் கேட்டதுபோல. "நீ எடுத்தாலும் அவருதானே?"

எனக்கு அந்த இரண்டாவது சுற்று ஞாபகம் வந்தது. ஆரம்பித்த சுருக்கில் முடிந்த சுற்று. குளத்தங்கரைக்காரனின் கையை நான் அன்று பார்க்கவே இல்லை.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சொல்லிவந்த நியாயப்படி இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஜெயிக்கத்தானே ஆடுகிறோம்? எதிராளி கையை எடுத்தால் அது அவன் பாடு. கயிற்றுக்காரனை எடுத்தால் தி.நகர் இடம் எனக்குத்தான், நிச்சயம். வேறு ஆளை எடுத்தால் பெரும்பாலும் தோல்வி. இது கணக்கு. ஆனால் பூத்தில் உட்கார்ந்து நம்பர் சுழற்றும்போதும் என் கை தானாக ஓர் அரைவட்டம் போடுவதைக் கவனித்தேன். சோறு பிசையும்போதும் போட்டது. அம்மா, "இன்னாடி கைய இப்புடி ஆட்டிக்கினு கீற?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்திருந்தது. அக்காவே பூத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். பெரியம்மா ஸ்டூலில். மற்றவர்கள் ஆடி முடித்து, கடைசியில் அவனும் நானும்.

நான் எட்டாவது கட்டத்துக்குப் போனேன். கணக்குத்தான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்து ஆட்டம் தொடங்கியதும் கயிற்றுக்காரனை முன்னால் நடத்தினேன். நெருப்பு வரவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

"ஆடு" என்றேன்.

"ஆடிண்டுதான் இருக்கேன்."

"கைய வை."

"அவரை நான் அடிக்க மாட்டேன். உனக்கு வேணுங்கறதை எடுத்துக்கோ."

ஒரு வீச்சு போதும். குச்சி என் உள்ளங்கையில் லேசாகப் பின்னால் சாய்ந்து காத்திருந்தது. அது எனக்காகக் காத்திருப்பதுபோல் இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். இரண்டு கைகளையும்.

யாரும் தொடாத குச்சி நிமிர்ந்து நிற்கவில்லை. சாய்ந்தபடியே ஒரு கணம் இருந்தது. திரையில் கயிற்றுக்காரன் ஓரடி பின்னால் வைத்தான், பிறகுதான் குச்சி மெல்ல நடுவுக்கு வந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு ஆட்களும் எதிரெதிரே நின்றார்கள். ஆட்டத்தில் யாரும் அடிக்காமல் நின்றால் அந்த ஆட்கள் என்ன செய்வார்கள் என்று நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கயிற்றுக்காரனின் தோள்கள் மேலே ஏறின, இறங்கின. மறுபடி ஏறின. சட்டையின் கிழிந்த ஓரம் காற்றில் ஆடியது.

பின்னால் ஸ்டூல் நகர்ந்தது. பெரியம்மா எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். முதல்முறையாகத் திரையைப் பார்த்தார்.

"ஏன் நின்னுகினு கீறான்?"

அவர் கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோனார். திரையின் பச்சை வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.

"மூச்சு வுடுறான்" என்றார்.

மேலே நேரம் இறங்கிக்கொண்டே இருந்தது. சுழியத்தைத் தொட்டது. யாரும் ஜெயிக்கவில்லை என்று எழுதிவிட்டு மெஷின் அடுத்த சுற்றைத் தொடங்கியது. அதுவும் அப்படியே ஓடியது. கடைசிச் சுற்றும். ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்டின் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. பெரியம்மா ஈர விரல்களைக் கண்ணாடியில், அந்தத் தோள்கள் ஏறி இறங்கும் இடத்தில் வைத்திருந்தார். திரை கறுத்தது. கறுத்த திரையில் எங்கள் முகங்கள் தெரிந்தன. எத்தனை முகங்கள் என்று எண்ணிப் பார்க்க விரும்பாமல் நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"போதும்" என்றார் பெரியம்மா. என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரைச்சீலையைத் தாண்டிப் போனார்.

அக்கா தொண்டையைச் செருமினார். "அப்போ யாருடா தி.நகர் போறது?"

இரண்டு பேருமே தோற்றதாக மெஷின் எழுதியிருந்தது. நான் இரண்டு டோக்கன்களைப் போட்டேன்.

"இப்போ கைய வை" என்றேன் அவனிடம்.

எட்டாவது கட்டத்தைச் சுற்றிக் கொண்டுபோகாமல், அதன்மேலாகவே நேராக நகர்ந்து, நெட்டையனை எடுத்தேன். நெருப்புக்கு எதிராக என் கணக்கில் இரண்டாவதாக வந்தவன் அவன். குளத்தங்கரைக்காரன் முகத்தில் ஏதோ தளர்ந்தது. கைகளை முன்னால் கொண்டுவந்து, விரல்களைச் சொடுக்கெடுத்து, குச்சியைப் பிடித்தான்.

முதல் நெருப்பு என் முகத்திலேயே விழுந்தது. அவன் என்னை நிஜமாகவே அடித்தான். அத்தனை நாளில் யாரும் என்னை அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. முதல் சுற்று அவனுக்கு.

இடப்பக்கக் குச்சி என்னோடு சண்டை போட்டது. நான் நேராக முன்னால் தள்ளினால் அது கீழே இறங்கி அரைவட்டத்துக்கு இழுத்தது. கட்டைவிரலை அடியில் முட்டுக்கொடுத்து, வட்டத்துக்குள் விழாமல் பிடித்துக்கொண்டேன். எதிரில் ஒருவனும் கைக்குள் ஒருவரும். இரண்டாவது சுற்றை அப்படித்தான் எடுத்தேன். மூன்றாவதில் எனக்கு மிச்சமிருந்த உயிர்க்கோடு நகக்கீறல் அளவு. அவனுக்கும் அவ்வளவுதான். அவன் நெருப்பு வீசக் குச்சியைச் சுற்றிய அந்தக் கணத்தில் நெட்டையனின் கால் போய்ச் சேர்ந்தது.

பையன்கள் கத்தியதில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் உனக்குன்னு ஒரு ஆள் இல்லை" என்றான் குளத்தங்கரைக்காரன், கையை உதறிக்கொண்டே.

"வேணாம்" என்றேன்.

பெரியம்மா பிறகும் வந்தார். நான் மறுபடி கயிற்றுக்காரனை ஆடவில்லை. அவர் வரும்போது பையன்களில் யாராவது இரண்டு டோக்கன் போட்டு, எட்டாவது கட்டத்தை எடுத்துவிட்டு விலகிக்கொள்வார்கள். நேரம் தீரும்வரை அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரங்களில் நான் முன்பக்கம் பூத்திலேயே இருந்துகொள்வேன். அங்கே ஒன்றும் கேட்காது, அவன் கயிறு வீசாமல் நின்றால் சத்தமே இல்லை. ஆனாலும் அறையில் ஓர் ஆள் அதிகமாக இருப்பது தெரியும்.

ஜெயித்த மறுநாள், திங்கட்கிழமை, காலேஜுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் தி.நகர் வரை போனேன். போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. பெரிய கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். வரிசையாகப் புது மெஷின்கள், கல்லாவில் முன்பின் பார்க்காத ஆள். குச்சி விறைப்பாக இருந்தது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, விட்டதும் நடுவில் போய் நின்றது. நெட்டையனை எடுத்தேன். பக்கத்து மெஷினில் ஆடிக்கொண்டிருந்தவன் திரும்பி, "நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டான். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து, அவனுடைய டோக்கனுக்காக வலப்பக்கத் துளையைக் காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.